மேடையை விட்ட பிறகும் 50 வருடம் பாடிய பிரான்சுவாஸ் ஆர்டி

#1 தூறல்

இரண்டு வாரமாகப் பிரெஞ்சுப் பாடகி பிரான்சுவாஸ் ஆர்டியை மட்டும்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். 1962இல் வந்த முதல் இசைத்தட்டிலிருந்து 2018இல் வந்த கடைசி ஆல்பம் வரை, வருட வரிசையில். அவர் இறந்தது 2024 ஜூன் 11 அன்று. அப்போது வந்த அஞ்சலிகளில் பாதிக்கு மேல் அந்த 18 வயதுப் பெண்ணின் புகைப்படத்தோடும் 'தூ லே கார்சோன் ஏ லே ஃபீ' பாட்டோடும் நின்றுவிட்டன. மீதி 56 வருடத்தைப் பற்றி யாரும் பேசவில்லை என்பதுதான் இந்த இழையைத் தொடங்கக் காரணம்.

எனக்கு விடை தெரிய வேண்டிய கேள்வி ஒன்றுதான். 1968இல் இவர் மேடைக் கச்சேரிகளை நிறுத்திவிட்டார். அப்போது வயது 24. அதற்கு முன் லண்டன் சவாய் ஹோட்டலில் பாடியிருக்கிறார், ஐரோப்பா முழுக்கச் சுற்றியிருக்கிறார். மேடைப் பயம், ஓயாத பயணம், காதலரைப் பிரிந்திருக்கும் வேதனை என்று காரணங்களை அவரே சொல்லியிருக்கிறார். சரி, பொதுவாக ஒரு பாப் பாடகர் மேடையை விட்டால் இரண்டு மூன்று வருடத்தில் மறந்துபோவார்கள். இவர் அதற்குப் பிறகு 1971, 1973, 1988, 1996, 2004, 2018 என்று மக்கள் உட்கார்ந்து கேட்கிற மாதிரி ஆல்பங்கள் போட்டுக்கொண்டே இருந்தார். இது எப்படி நடந்தது?

என் கணிப்பைச் சொல்கிறேன். அவர் குரல் சிறியது. அரங்கத்தின் கடைசி வரிசைக்கு எட்டும் குரல் கிடையாது. மைக்குக்கு அருகில் வந்து ஒருவருக்கு மட்டும் சொல்வதுபோலப் பாடும் குரல். அப்படிப்பட்ட குரலுக்கு ஸ்டுடியோதான் சொந்த வீடு. 1968இல் அவர் அங்கே போய்ச் சேர்ந்தார் என்றுதான் நினைக்கிறேன். இன்னொன்று, அவர் முதல் நாளிலிருந்தே தன் பாட்டைத் தானே எழுதியவர். முதல் ஆல்பத்தின் 12 பாட்டில் 10 அவருடையவை. அந்தக் காலத்தில் 18 வயதுப் பெண் இப்படிச் செய்வது பிரான்சில் அரிது, மற்ற இடங்களிலும் அரிதுதான்.

பிரெஞ்சு தெரிந்தவர்கள், பழைய தட்டு சேர்ப்பவர்கள் எல்லோரும் வாருங்கள்.

#2 பழையதட்டு

நல்ல இழை. தொடக்க காலத்தைக் கொஞ்சம் நிரப்புகிறேன்.

1944 ஜனவரி 17, ஜெர்மானிய ஆக்கிரமிப்பில் இருந்த பாரிஸில், வான்தாக்குதல் எச்சரிக்கை ஒலித்துக்கொண்டிருந்த நேரத்தில் பிறந்தவர். அப்பாவுக்கு வேறு குடும்பம் இருந்தது, அதனால் அவர் வீட்டுக்கு எப்போதாவது வருபவர். அம்மா கணக்கு வேலை பார்த்து இரண்டு பெண்களையும் வளர்த்தார். பாட்டி வீட்டுக்குப் போகும்போதெல்லாம் 'நீ அழகில்லை' என்று சொல்லிச் சொல்லியே வளர்த்ததாக ஆர்டி பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். சில வருடம் கழித்து உலகமே அழகி என்று கொண்டாடிய முகம் அது. அதை அவர் கடைசி வரை நம்பவே இல்லை. முதல் பாட்டில் இருக்கிற தனிமை எங்கிருந்து வந்தது என்று தேடுபவர்கள் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

பள்ளி இறுதித் தேர்வில் தேறியதற்கு அப்பா தந்த பரிசு ஒரு கிட்டார். அதில் தானே நாலு கார்டு (சேர்ந்தொலிக்கும் சுரங்கள்) பழகி, ரேடியோ லக்சம்பர்க்கில் கேட்ட ஆங்கிலப் பாட்டுகளின் மெட்டுச் சாயலில் எழுதத் தொடங்கினார். 1961 நவம்பரில் வோக் இசைத்தட்டு நிறுவனத்தோடு ஒப்பந்தம். ராக் பாடகர் ஜானி ஆலிடே ஏற்கெனவே புகழின் உச்சியில் இருந்தார். அதே பாணியில் ஒரு பெண் குரலை அந்த நிறுவனம் தேடிக்கொண்டிருந்தது.

அன்று பிரான்சில் பாட்டு வெளியானது நாலு பாட்டு கொண்ட, நிமிடத்துக்கு 45 முறை சுற்றும் சிறிய தட்டாக. முதல் தட்டில் நிறுவனம் முன்னுக்குத் தள்ளியது 'ஓ ஓ ஷெரி' என்ற வேறொருவர் பாட்டை. மக்கள் பிடித்துக்கொண்டது ஆர்டியே எழுதிய 'தூ லே கார்சோன் ஏ லே ஃபீ' பாட்டை. 1962 அக்டோபர் 28 இரவு, குடியரசுத் தலைவரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கலாமா என்ற பொது வாக்கெடுப்பின் முடிவுக்காக நாடே தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருந்தது. இடைவேளையில் இந்தப் பெண் வந்து பாடினார். அடுத்த நாளிலிருந்து தட்டு லட்சக்கணக்கில் போனது. 1963 ஜனவரியில் பாரி மேட்ச் இதழின் அட்டையில் அவர் முகம். அதே ஆண்டு மார்ச்சில் மொனாக்கோ சார்பில் யூரோவிஷன் என்ற ஐரோப்பியப் பாட்டுப் போட்டியில் பாடி ஐந்தாம் இடம்.

தூறல் சொன்ன ஒன்றில் சின்னத் திருத்தம். கச்சேரியை விட்டாரே தவிரத் தொலைக்காட்சியை விடவில்லை. பிரெஞ்சுத் தொலைக்காட்சியின் பாட்டு நிகழ்ச்சிகளில் தொடர்ந்து வந்தார். ஆகவே மக்கள் கண்ணிலிருந்து அவர் மறையவே இல்லை. இன்னொன்று பணம். சொந்தமாக எழுதுபவருக்குப் பாட்டு வானொலியில் ஒலிக்கும்போதெல்லாம் சாசெம் என்ற உரிமைச் சங்கம் வழியாகத் தொகை வரும். கச்சேரி வருமானத்தை மட்டும் நம்பிய பாடகருக்கு இந்தச் சுதந்திரம் கிடையாது.

#3 கீற்று

குறுக்கே ஒரு கேள்வி. ஹார்டியா ஆர்டியா? தமிழில் இரண்டும் பார்க்கிறேன். அப்புறம், பிரெஞ்சு ஒரு சொல்கூடத் தெரியாத ஒருவருக்கு இவர் பாட்டு எட்டுமா? முயற்சி செய்ய ஆசையாக இருக்கிறது.

#4 பாரிஸ்மாலா

கீற்று, பிரெஞ்சில் முதல் ஹகரம் ஒலிக்காது, ஆகவே ஆர்டி. இங்கு யாரும் ஹார்டி என்று கதைத்து நான் கேட்டதில்லை.

நான் இந்த ஊருக்கு வந்து 22 வருடம். வந்த புதிதில் மாலை வகுப்பில் பிரெஞ்சு படித்தேன். எங்கள் ஆசிரியை ஒரு நாள் 'தூ லே கார்சோன்' பாட்டைப் போட்டார். இலக்கணப் புத்தகத்தில் இரண்டு மாதம் புரியாத சில விஷயம் அந்த மூன்று நிமிடத்தில் புரிந்தது. அவ்வளவு எளிய மொழி. என் வயதுப் பையன்களும் பெண்களும் இரண்டு இரண்டு பேராகக் கை கோத்துத் தெருவில் போகிறார்கள், நான் மட்டும் தனியாகப் போகிறேன், என்னை நேசிக்க யாருமில்லை. பாட்டு முழுக்க இதுதான். உவமை இல்லை, அலங்காரம் இல்லை. கடைசிச் சரணத்தில் மட்டும் எனக்கும் ஒரு நாள் அப்படி வரும் என்று திரும்பும். மொழி தெரியாத ஊரில் தனியாக பஸ்ஸில் போய்வந்த எனக்கு அந்தப் பாட்டு என்னவாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆனால் நான் இங்கே சொல்ல வந்தது 'மெசாஜ் பெர்சொனெல்', 1973. பெயருக்கு 'உங்களுக்கு மட்டும் ஒரு செய்தி' என்று பொருள் சொல்லலாம். முதல் பாதியில் அவர் பாடுவதில்லை, பேசுகிறார். தொலைபேசியின் மறுமுனையில் உங்கள் குரல் இருக்கிறது, சொல்ல முடியாத சொற்கள் என்னிடம் இருக்கின்றன என்று. அந்தப் பேச்சை ஆர்டியே எழுதினார். பாடும் பகுதியின் சொல்லும் இசையும் இசையமைப்பாளர் மிஷேல் பெர்ழே.

தமிழர்களுக்கு இதில் உடனே பிடிபடும் ஒன்று இருக்கிறது. பேசும் பகுதி முழுவதும் 'வூ', அதாவது நீங்கள். பாட்டு தொடங்கியதும் 'தூ', அதாவது நீ. மனதுக்குள் நீ என்று அழைக்கும் ஒருவரிடம் வாய் திறந்தால் நீங்கள் என்றுதான் வரும் இல்லையா, அந்தக் கூச்சம் அப்படியே இருக்கிறது. ஆங்கிலத்தில் இதை மொழிபெயர்க்கவே முடியாது. நம் மொழியில் எந்தச் சிரமமும் இல்லாமல் வந்துவிடும். எத்தனை முறை கேட்டாலும் அந்த நீங்கள் நீயாக மாறும் இடத்தில் எனக்கு நெஞ்சு அடைக்கும்.

#5 நேர்கோடு

எல்லோரும் ஒரே பக்கம் பேசுகிறீர்கள், அதனால் நான் மறுபக்கம் பேசுகிறேன். ஆர்டி பெரிய கலைஞர் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் 'நீண்ட இசைப்பயணம்' என்று சொன்னால் என் நினைவுக்கு வருவது பாடகி சில்வி வர்த்தான்தான். அவரும் 1944இல் பிறந்தவர், பல்கேரியாவிலிருந்து சிறுவயதில் குடும்பத்தோடு வந்தவர். அதே ஆண்டுகளில் புகழுக்கு வந்தார். 80 வயதிலும் பாரிஸ் மேடையில் நின்று, 2024 இறுதியிலும் 2025 ஜனவரியிலும் பாடித்தான் விடைபெற்றார். ஜானி ஆலிடேயை எடுத்துக்கொள்ளுங்கள். 2017 டிசம்பரில் அவர் உடல் ஷான்செலிசே சாலையில் போனபோது கூடிய கூட்டத்தைப் பாருங்கள். மேடையில் வியர்வை சிந்தி, தொண்டை கட்டிய நாளிலும் பாடி, முன்னால் இருப்பவர்களின் முகம் பார்த்துச் சம்பாதித்தது அந்த அன்பு.

ஸ்டுடியோவில் ஒரு வரி சரியாக வராவிட்டால் பத்து முறை பாடலாம். மேடையில் முடியாது. ஐம்பது வருடம் அந்தச் சோதனைக்கு வராத ஒருவரை வந்தவர்களோடு ஒரே தராசில் வைக்கக் கூடாது என்பது என் கருத்து.

#6 தூறல்

நேர்கோடு அண்ணா, நீங்கள் சொன்ன இருவரையும் நானும் மதிக்கிறேன். ஆனால் சோதனை என்றால் மேடை ஒன்றுதானா?

ஒன்றை யோசித்துப் பாருங்கள். மேடைப் பாடகருக்குப் பழைய பாட்டு துணைக்கு வரும். புது ஆல்பம் சரியாகப் போகாவிட்டாலும் 1960களின் பாட்டைப் பாடினால் அரங்கம் எழுந்து நிற்கும். ஆர்டிக்கு அந்தத் துணை இல்லை. புதிதாக ஒன்று செய்தால்தான் அவர் மறுபடி பேசப்படுவார். ஒவ்வொரு முறையும் வெறுங்கையோடுதான் வந்து நின்றார். 1968 முடிவிலேயே பாருங்கள், 'கொமான் த தீர் அதியூ'. ஓர் ஆங்கிலப் பாட்டின் மெட்டு, அதற்குப் பாடலாசிரியர் செர்ழ் கேன்ஸ்பூர் பிரெஞ்சுச் சொல் எழுதினார். அடிக்கு அடி 'எக்ஸ்' என்று முடியும் இயைபு. அந்த ஒலி வருகிற சொல் பிரெஞ்சில் கொஞ்சம்தான், அதனால் கைக்குட்டைத் தாளின் பிராண்டு, கண்ணாடிப் பாத்திரத்தின் பிராண்டு எல்லாம் காதல் பாட்டுக்குள் வந்துவிட்டன. அவற்றை ஆர்டி முகம் மாறாமல், விடைபெறும் சோகம் குறையாமல் பாடுகிறார். எத்தனை முறை ஒலிப்பதிவு செய்தாலும் அந்தச் சமநிலை வராதவருக்கு வராது.

அவர் தன் குரலைக் கூட்டிச் சொன்னதே இல்லை. எது முடியாதோ அதைச் செய்யவில்லை. எது முடியுமோ அதில் கடைசி வரை போனார்.

#7 தந்திமீட்டி

கிட்டார் வாசிப்பவன் என்ற முறையில் 'லா கெஸ்தியோன்' ஆல்பம் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். 1971. பெயருக்கு 'கேள்வி' என்று பொருள். என்னைக் கேட்டால் அவருடைய உச்சம் இதுதான்.

அந்த நேரத்தில் அவர் வோக்கிலிருந்து விலகிச் சொந்தத் தயாரிப்பில் இறங்கியிருந்தார். பாரிஸில் ஒரு பிரேசில் உணவகத்தில் பாடிக்கொண்டிருந்த தூக்கா என்ற பிரேசில் கிட்டார் கலைஞரின் அறிமுகம் கிடைத்தது. ஆல்பத்தின் பெரும்பாலான மெட்டுகள் தூக்காவுடையவை. இருவரும் வாரக்கணக்கில் உட்கார்ந்து ஒத்திகை பார்த்துவிட்டுத்தான் ஸ்டுடியோவுக்குப் போனார்கள். நைலான் தந்திக் கிட்டார், ஒரு பெரிய பேஸ், குரல். அவ்வளவுதான் அடித்தளம். தந்தி வாத்தியக் குழு பிறகு சேர்ந்தது, அதுவும் குரலை மூடாமல் தூரத்தில் நிற்கும். டிரம்ஸ் ஏறக்குறைய இல்லை.

ஹெட்போனில் கேளுங்கள். கிட்டார் போசா நோவா என்ற பிரேசில் இசைப் பாணியின் சாயலில் தாளத்துக்குச் சற்று முன்னும் பின்னுமாக நகரும். ஆர்டி அதன் மேல் மூச்சு கலந்து பாடுவார். ஒரு வரி முடிந்ததும் அடுத்த வரிக்கு முன் மூச்சு எடுப்பது தெளிவாகக் கேட்கும். அதை அழிக்காமல் விட்டிருக்கிறார்கள். நான் பத்து வருடம் முன்பு முதல் பாட்டை வாசிக்க முயன்றபோது கார்டுகளைப் பிடித்துவிட்டேன். ஆனால் அந்த இடைவெளிகளை என்னால் பிடிக்க முடியவில்லை. ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒரு சுரத்தைக் கூடுதலாக நுழைத்துவிடுவேன். எதை வாசிக்காமல் விடுவது என்று அந்த ஆல்பம்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தது.

வெளியானபோது அது விற்கவில்லை. வானொலிக்கு ஏற்ற ஒரு 'ஹிட்' அதில் கிடையாது. தூக்கா 1978இலேயே இளவயதில் போய்விட்டார். இன்று புதிய பாடகர்கள் ஆர்டியின் பெயரைச் சொன்னால் முதலில் குறிப்பிடுவது இந்த ஆல்பத்தைத்தான். இதைத் தூக்கா பார்க்காமல் போனது எனக்கு நிஜமாகவே வருத்தம்.

#8 பழையதட்டு

தந்திமீட்டி சொன்னதை வரிக்கு வரி ஒப்புக்கொள்கிறேன்.

ஒலியில் அவருக்கு இருந்த பிடிவாதம் முன்பே தொடங்கிவிட்டது. முதல் தட்டுகளின் பின்னணி இசை அவருக்குப் பிடிக்கவே இல்லை. 1964 முதல் லண்டனுக்குப் போய், பை ஸ்டுடியோவில் சார்ல்ஸ் பிளாக்வெல்லின் பின்னணி இசையோடு பதிவு செய்தார். 'மோன் அமி லா ரோஸ்' அந்தக் காலத்தது. விடியலில் பனித்துளியோடு பிறந்து, வெயிலில் மலர்ந்து, இரவில் மூடி, கிழவியாக விழிக்கும் ரோஜா. சாவைப் பற்றிய பாட்டு. பாடும்போது அவருக்கு 20 வயது. அதே 1964இல் பாப் டிலன் தன் ஆல்பத்தின் பின்னட்டையில் ஆர்டி பெயரைச் சொல்லி ஒரு கவிதை அச்சிட்டார். அப்போது இருவரும் சந்தித்ததுகூட இல்லை. 1966இல் பாரிஸ் ஒலிம்பியா கச்சேரிக்கு வந்தபோதுதான் சந்தித்தார்கள்.

பிறகு ஆர்டியின் கணவரான துத்ரோன் பற்றியும் ஒரு வரி. முதல் ஆல்பத்தில் இருக்கும் 'ல தான் த லமூர்' பாட்டின் மெட்டு ழாக் துத்ரோனுடையது. இருவரும் நெருங்கியது அதற்கு ஐந்து வருடம் கழித்து. மகன் தொமா 1973இல் பிறந்தான், திருமணம் 1981இல். ஆர்டியின் பாட்டுகளில் வரும் காத்திருப்பு, வராதவர், தாமதமாக வருபவர் எல்லாம் யார் என்று அவர் மறைத்ததில்லை.

1988இல் 'தெகலாஜ்' ஆல்பத்தோடு ஓய்வு என்று அறிவித்தார். எட்டு வருடம் கழித்து 'ல தான்ஷே', அதாவது 'ஆபத்து'. மின் கிட்டார் இரையும் ஆல்பம், அவருக்கு வயது 52. பலர் தவறவிடுவது இதைத்தான். இடையில் 1995இல் பிளர் என்ற ஆங்கிலேயக் குழு தங்கள் பாட்டு ஒன்றின் பிரெஞ்சு வடிவத்தில் அவரைப் பாட வைத்தது. ஆர்டி முதல் பாட்டைப் பாடியபோது அந்தக் குழுவில் ஒருவரும் பிறக்கவில்லை.

#9 பாரிஸ்மாலா

பெர்ழே பற்றி ஒன்று விட்டுவிட்டேன். ஆர்டியோடு அந்த ஒரு ஆல்பம் செய்த பிறகு அவர் பிரான்ஸ் கால் என்ற பாடகிக்கு எழுதத் தொடங்கினார், பிறகு அவரையே மணந்தார். காலும் 60களில் சிறுமியாக வந்து பாடியவர். இரண்டு பாடகிகள் சிறுபெண் பாட்டிலிருந்து பெரியவர்கள் பாட்டுக்கு மாறிய இடத்தில் ஒரே மனிதர் நிற்கிறார். இதற்குத் தனி இழையே போடலாம்.

#10 வெண்தாதி

நான் செவிலியாக வேலை பார்க்கிறேன், புற்றுநோய்ப் பிரிவில். அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

2004இல் அவருக்கு நிணநீர்ப் புற்றுநோய் தெரியவந்தது. அதே ஆண்டு 'தான் த பெல் ஷோஸ்' ஆல்பம், 'எத்தனையோ அழகான விஷயங்கள்' என்று பொருள். தலைப்புப் பாட்டில், நான் போன பிறகும் நீ காண வேண்டிய அழகானவை எவ்வளவோ இருக்கின்றன, அன்பு சாவைவிட வலியது என்று விட்டுப்போகும் ஒருவர் இருக்கப்போகும் ஒருவரிடம் சொல்கிறார். மகனை நினைத்து எழுதியது. அந்த ஆல்பத்தை அடுத்து 2005இல் பிரான்சின் விக்துவார் இசை விருதுகளில் அவர் சிறந்த பாடகி.

2015இல் கோமாவுக்குப் போனார். பிழைப்பார் என்று மருத்துவர்களே எதிர்பார்க்கவில்லை. பிழைத்து வந்து 2018இல் 'பெர்சோன் தோத்ர்' பாடினார், வயது 74. அந்த ஆல்பம் பிறந்த கதை எனக்கு மிகவும் பிடிக்கும். யூடியூபில் ஒரு பின்லாந்துக் குழுவின் பாட்டைத் தற்செயலாகக் கேட்டு உருகிப்போய், அதைப் பிரெஞ்சில் எழுதிப் பாட வேண்டும் என்று கிளம்பியவர், முழு ஆல்பத்தோடுதான் நின்றார். இனிப் பாட மாட்டேன் என்றிருந்த ஒருவர், யாரோ முன்பின் தெரியாதவர்கள் பாடியதைக் கேட்டு மறுபடி ஸ்டுடியோவுக்குப் போயிருக்கிறார்.

பிறகு தொண்டைப் பகுதியில் புற்றுநோய். கதிர்வீச்சு சிகிச்சை உமிழ்நீரைப் போக்கிவிட்டது. 2021இல் இனிப் பாட முடியாது என்று சொல்லிவிட்டார். வாய் வறண்டுபோன நோயாளிகள் ஒரு வாய் தண்ணீர் விழுங்கப் படும் பாட்டைத் தினமும் பார்க்கிறேன். அந்தத் தொண்டையைக் கொண்டு ஒரு வாழ்க்கையே நடத்தியவருக்கு அது எப்படி இருந்திருக்கும். மரணத்துக்கு மருத்துவ உதவி பெறும் உரிமை வேண்டும் என்று பேசினார். தன் அம்மாவுக்கும் கடைசியில் ஒரு மருத்துவர் உதவினார் என்பதை மறைக்காமல் சொன்னார். 2023 டிசம்பரில் குடியரசுத் தலைவர் மக்ரோனுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். அந்தக் கேள்வியில் என் கருத்து வேறு, அது இங்கே வேண்டாம். ஆனால் வலியைப் பற்றி அவர் சுற்றி வளைக்காமல் எழுதியதை மதிக்கிறேன். பாட்டிலும் அப்படித்தான் எழுதினார்.

#11 நேர்கோடு

வெண்தாதி, உங்கள் பதிவைப் படித்துவிட்டு 2004, 2018 ஆல்பங்கள் இரண்டையும் நேற்று இரவு கேட்டேன். இதுவரை கேட்டதில்லை. மேடை பற்றிய என் கருத்து மாறவில்லை. ஆனால் 18 வயது ஆர்டியிடம் கேட்ட அதே குரலை அவருடைய 74 வயதில், ஆழம் கூடி, உச்சி குறைந்து, நடிப்பு இல்லாமல் கேட்டேன். வர்த்தானிடம் இந்த மாதிரி ஒரு ஆல்பம் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன், எனக்குக் கிடைக்கவில்லை. யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.

#12 கீற்று

எங்கிருந்து தொடங்க?

#13 தந்திமீட்டி

1962 தட்டு ஒரு தடவை. பிறகு நேராக 'லா கெஸ்தியோன்', இரவில், விளக்கை அணைத்துவிட்டு.

#14 பாரிஸ்மாலா

இல்லை, கீற்று பிரெஞ்சு தெரியாதவர். முதலில் 'மெசாஜ் பெர்சொனெல்'. பேசும்போது 'வூ', பாடும்போது 'தூ'. இந்த இரண்டு சொல் மட்டும் தெரிந்தால் போதும்.

1966இல் வந்த 'லா மேசோன் ஊ ஷே கிராந்தி'யையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இத்தாலியப் பாட்டு ஒன்றின் பிரெஞ்சு வடிவம். வளர்ந்த வீட்டை விட்டு நகரத்துக்குப் போய், திரும்பி வந்து பார்த்தால் வீடும் இல்லை, தோட்டமும் இல்லை. என் வீடு இருந்த இடத்தை 2010இல் போய்ப் பார்த்துவிட்டு வந்த பிறகு இந்தப் பாட்டை வெகு நாள் கேட்காமல் இருந்தேன். இப்போது கேட்கிறேன்.

#15 கீற்று

மாலா அக்கா, மூன்று முறை கேட்டேன். பேச்சில் 'வூ' வருவதை எண்ணிக்கொண்டே வந்தேன். பிறகு அவர் ஒரு நொடி நிறுத்துகிறார், பாட்டு எழுகிறது, அதில் முதல் வரியிலேயே 'தூ' வந்துவிடுகிறது. சொல்லிவைத்திருந்தும் எதிர்பார்க்காமல்தான் வந்தது. நாளை இரவு 'லா கெஸ்தியோன்'. வீட்டில் நல்ல ஹெட்போன் இல்லை, பக்கத்து வீட்டுத் தம்பியிடம் கேட்டிருக்கிறேன்.